பதுளைக்கு ஒரு துப்பறிவாளன் வேண்டும்

துப்பறியும் நாவல் என்றதும் முகஞ் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே இன்றும் உளர். பள்ளி மாணவன் பாடநூலுக்குள் மறைத்து வைத்துப் படிப்பது, புகைவண்டிப் பயணி கொழும்பில் வாங்கிப் பதுளையில் எறிந்துவிட்டுப் போவது என்பது அவர்தம் முடிபு. அரசியலும் மொழியுரிமையும் பேசும் ஏட்டில் அதற்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்கக்கூடும். வேலை உண்டு. ஒரு நாட்டில் குற்றம் எவ்வாறு கண்டுபிடிக்கப்படுகிறது, யாருடைய சொல் நம்பப்படுகிறது, யாருடைய சொல் எழுதப்படாமலே போகிறது என்பன அரசியற் கேள்விகள் அல்லவா? அவற்றை மேடையிற் பேசுவதைக் காட்டிலும் கதையிற் காட்டுவது எளிது. ஊவாவின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அத்தகைய துப்பறியும் நாவல் எழவேண்டும் என்பது நம் கருத்து. அதன் துப்பறிவாளன் குறையுள்ள மனிதனாகவும் இருத்தல் வேண்டும்.

குறையுள்ள துப்பறிவாளன் புதியவன் அல்லன். மேல்நாட்டார் அவனைத் தொடக்கத்திலேயே படைத்துவிட்டனர். 1890ஆம் ஆண்டில் கொனன் டொயில் வெளியிட்ட நாவலின் தொடக்கத்திலேயே ஷெர்லொக் ஹோம்ஸ் தன் கையில் போதை மருந்தை ஊசியாக ஏற்றிக்கொள்கிறான். அவனுக்குப் பின் வந்தவர்களில் ஒருவன் குடிகாரன், ஒருவன் தற்பெருமைக்காரன், ஒருவன் மனைவியைப் பிரிந்தவன். நம்முடைய மொழியிலோ 1908ஆம் ஆண்டில் ஜே. ஆர். ரங்கராஜு ராஜாம்பாளை எழுதித் துப்பறியும் கோவிந்தனை நடமாடவிட்டார். அவன் வல்லவன். 1940களில் ஆனந்த விகடனில் தேவன் படைத்த சம்பு வேறு வகை. வங்கி எழுத்தனாக இருந்து, அசடன் என்று பெயர் வாங்கியவன், தற்செயலாக எதையோ செய்யப்போய்க் குற்றவாளி அகப்படுகிறான். ஊர் அவனை மேதை என்கிறது. தமிழில் குறையுள்ள துப்பறிவாளன் என்றால் முதலில் நினைவுக்கு வருபவன் சம்புவே. அவனை எண்ணி நாம் சிரித்தோம். சிரித்ததில் தவறில்லை. ஆயினும் இங்கு ஓர் உண்மையைக் கருதல் வேண்டும். ஹோம்ஸின் போதையும் சம்புவின் அசட்டுத்தனமும் எவரையும் தூக்குமேடைக்கு அனுப்பவில்லை. கதை முடியும்போது உண்மை வெளிப்பட்டேவிடுகிறது. துப்பறிவாளனின் குறை அவனுக்கு ஓர் அலங்காரம். பிறருக்கு அதனால் தீங்கில்லை.

தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு அந்த அலங்காரமும் இல்லை. அவர் பிழை செய்யமாட்டார். அவருக்கு வேண்டியது தேநீர் ஒன்றுதான். தேநீர்க் கோப்பையைக் கையில் ஏந்தியதும் சிந்தனை கூர்மையடையும், முடிச்சு அவிழும். மலையகத்தில் அக்கதைகளைப் படித்த தலைமுறை ஒன்று உண்டு. பகலெல்லாம் கொழுந்து கிள்ளிய தாயின் மகன், இரவில் லயத்துக் காம்பராவில் மண்ணெண்ணெய் விளக்கின் கீழ் அமர்ந்து, யாரோ ஒருவர் தேநீர் அருந்தித் துப்புத் துலக்கும் கதையைப் படித்தான். தேயிலை எங்கிருந்து வந்தது என்று சங்கர்லாலும் கேட்டதில்லை, படித்த பையனும் கேட்டதில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தமிழ்வாணனின் கடமை அதுவன்று. அப்பையன் வளர்ந்து எழுதும்போது கேட்டிருக்கலாம் என்பதே நம் ஏக்கம்.

துப்பறியும் கதைக்கு ஊவாத் தோட்டத்தைப் போன்ற களம் வேறெங்கு வாய்க்கும்? பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெலி நோக்கியோ பசறை நோக்கியோ ஏறும் வீதியில் நின்று பார்த்தால் போதும். எல்லைகள் வகுத்த உலகம். உள்ளே வருவோரும் வெளியே செல்வோரும் அறியப்படுவர். மேலே பங்களா, இடையில் உத்தியோகத்தர் வீடுகள், கீழே லயங்கள். வீடு இருக்கும் உயரத்தைக் கொண்டே ஆளின் தரத்தைச் சொல்லிவிடலாம். ஆடியிலிருந்து புரட்டாதி வரை வீசும் வறண்ட காற்றில் தேயிலைக்கு ஒரு தனி மணம் ஏறும். உலகச் சந்தை அதற்கு உயர்ந்த விலை கொடுக்கும். அந்தக் காலத்தில் ஸ்டோர் இரவும் பகலும் ஓடும். இரவு வேலைக்குப் போனவன் எப்போது திரும்பினான் என்பது அண்டைக் காம்பராவுக்கும் தெரியும்.

எல்லாவற்றினும் மேலானது செக்ரோல். அதிகாலையில் பிரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்தவர் யார், எந்த மலைக்கு அனுப்பப்பட்டார், எத்தனை கிலோ கொழுந்து நிறுத்தார், முழுப்பேரா அரைப்பேரா என்பதெல்லாம் அதில் எழுதப்படும். இலண்டன் மாநகரில் ஒரு மனிதன் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எங்கிருந்தான் என்று அறிய ஹோம்ஸ் சேற்றையும் சாம்பலையும் ஆராய வேண்டியிருந்தது. தோட்டத்திலோ ஆளொருவன் பகற்பொழுதில் எங்கிருந்தான் என்பதற்கு மையினால் எழுதிய சான்று உண்டு. அச்சான்றை எழுதுவது தொழிலாளி அல்லன் என்பதையும் உடன் நினைக்க வேண்டும். எழுதுகோல் கணக்கப்பிள்ளையின் கையில். புத்தகம் அலுவலகத்துப் பெட்டியில். நிறுத்த கொழுந்தில் கழிக்கப்பட்ட கிலோ எத்தனை என்பது எந்தப் பக்கத்திலும் இராது. புத்தகம் பொய் சொன்னால் அதை மறுக்க ஒருத்தியிடம் இருப்பது அவள் வாய்ச்சொல் ஒன்றே.

நாம் கேட்கும் துப்பறிவாளனின் குறை இங்கேதான் பிறக்கிறது. அவன் குடிக்க வேண்டியதில்லை, மனைவியைப் பிரிய வேண்டியதில்லை. அவன் அந்தப் புத்தகத்தை நம்புகிறான். அதுவே போதிய குறை. பொலிஸ் வண்டி தோட்டத்துக்கு வந்தால் முதலில் எங்கே நிற்கிறது? பங்களா வாசலில். அங்கு தேநீர் அருந்தி, துரை சொல்வதைக் கேட்டு, பெரிய கிளாக்கர் காட்டும் புத்தகத்தைப் பார்த்து, அதன் பின்னர்தான் வண்டி லயத்துக்கு இறங்கும். இறங்குமுன்னரே கதையின் பாதி எழுதப்பட்டுவிடும். லயத்தில் கேட்கப்படும் கேள்வி சிங்களத்தில் இருக்கும். விடை தமிழில் இருக்கும். இடையில் நின்று மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் தோட்டத்து உத்தியோகத்தர். எழுதப்படுவது சிங்களத்தில். கீழே கையொப்பம், அல்லது பெருவிரல் அடையாளம்.

கமக்காரராகிய வாசகர்கள் இதை எளிதில் உணர்வர். எல்லை வேலி வழக்கொன்றில் தாம் சொன்னது ஒன்று, புத்தகத்தில் ஏறியது வேறொன்று என்று கண்டவர்கள் அவர்களுள் பலர். வழக்கறிஞர்களாகிய வாசகர்களுக்கோ விளக்கவே வேண்டியதில்லை.

1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது மெய்யே. நீதிமன்ற மொழிகளாகச் சிங்களமும் தமிழும் அரசியலமைப்பில் உள்ளன. எனினும் வடக்குக் கிழக்குக்கு வெளியே வழக்குப் பதிவு நடைபெறுவது சிங்களத்தில். தமிழருக்கு உள்ளது மொழிபெயர்ப்பைப் பெறும் உரிமை. 2012ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐவருள் ஒருவர் தமிழர். அந்த ஐந்தில் ஒருவரின் சாட்சியம் மற்றொருவர் வாய் வழியாகவே ஏட்டில் ஏறுகிறது.

இந்தக் குறையைக் கதையில் முதலில் கண்டவர் தமிழரும் அல்லர், சிங்களவரும் அல்லர். 1908 முதல் 1911 வரை ஊவாவுக்குத் தெற்கே அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ஃப் என்னும் ஆங்கிலேயர் 1913ஆம் ஆண்டில் ஒரு நாவலை வெளியிட்டார். காட்டுக்குள் கிடக்கும் ஒரு கிராமம் அதன் களம். செய்யாத திருட்டுக்காக ஓர் ஏழை நீதிமன்றத்தில் நிற்கிறான். நடப்பது இங்கிலீசில், அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீதிபதி கொடியவர் அல்லர். இவ்வழக்கின் பின்னே ஏதோ இருக்கிறது என்று அவருக்கே தோன்றுகிறது. ஆனால் முன்னால் வைக்கப்பட்ட சாட்சியத்தின்படி தீர்ப்பளிக்கிறார். ஏழை சிறை செல்கிறான். அந்த அநீதியிலிருந்து பின்னர் இரண்டு கொலைகள் விளைகின்றன. வூல்ஃப் தாமே அத்தகைய ஆசனத்தில் அமர்ந்தவர். தம் வர்க்கத்தின் குறையை அறிந்து எழுதினார் என்று நாம் மதிக்கலாம். இலங்கையைக் களமாகக் கொண்ட குற்றக் கதைகளுள் அதற்கு ஈடானதை நாம் படித்ததில்லை.

மலையகத்தில் இந்த நோய் இன்னும் பழையது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அறிவித்தல் கொடாது தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளி குற்றவாளி. அவனைப் பிடித்துச் சிறையிலிடலாம். கொலைகாரனைத் தேடுமுன்னரே, கடனோடு ஓடிய கூலியைத் தேடி மலைகளில் ஆள் நடந்திருக்கிறது. எங்கள் முதல் துப்பறிவாளன் அவன்தான் என்று கசப்போடு சொல்லலாம். துண்டு முறை ஒழிந்தது 1921ஆம் ஆண்டில். பொலிஸ் என்பது பங்களாவின் கை என்ற எண்ணமோ ஒழியவில்லை. 1940ஆம் ஆண்டு மே மாதம் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது, ஆயுதங்களோடு வந்த பொலிஸாரிடமிருந்து தொழிலாளரே ஆயுதங்களைப் பறித்தனர். அதன் பின் நிகழ்ந்த அடக்குமுறையும், அந்நாளில் பெய்த மழையின் வெள்ளமும் சேர்ந்து அப்போராட்டத்தை அடக்கின. அன்று முதல் பொலிஸும் லயமும் ஒருவரையொருவர் அஞ்சியே வாழ்ந்து வந்திருக்கின்றன. அஞ்சுகிறவனிடம் எந்தத் துப்பறிவாளனும் உண்மையைப் பெறமுடியாது.

சட்டமும் துப்பறிவாளனைச் சோம்பேறியாக்கியது. பொலிஸ் அதிகாரியிடம் செய்த குற்ற ஒப்புதலைச் சான்றாகக் கொள்ளலாகாது என்பது 1895ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் விதி. வெள்ளைக்காரனே தன் பொலிஸை அவ்வளவுதான் நம்பினான். 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி முன் செய்த ஒப்புதல் சான்றாகும் என்று மாற்றியது. 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் அவ்விதியை நீக்கவில்லை. சிங்களத்தில் எழுதப்பட்டு, அம்மொழி படிக்கத் தெரியாத ஒரு தமிழ் இளைஞன் பெருவிரல் பதித்த தாளொன்றே 1995ஆம் ஆண்டில் அவனுக்கு ஐம்பது ஆண்டுச் சிறையைக் கொண்டுவந்தது. மேல்முறையீட்டில் அது முப்பத்தைந்தாகக் குறைந்தது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004ஆம் ஆண்டில் அது நியாயமான விசாரணை அன்று என்றது. தாளில் ஒரு கைரேகை போதுமானால், எவன் சேற்றில் கால்தடம் தேடப் போகிறான்?

இனி ஊவாவின் பெருங்குற்றத்துக்கு வருவோம். பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம். 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் நாள் காலை. உள்ளே இருந்தவர்கள் நாற்பத்தொரு தமிழர்; பெரும்பாலும் இளைஞர், சிலர் சிறுவர். நீதிமன்றத்தில் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டவர் அல்லர். சந்தேகத்தில் பிடிபட்டோரும் சரணடைந்தோரும் அவர்கள். அரசின் காவலில் இருந்தவர்கள். முதல் நாள் மாலை முகாமுக்குள் ஒரு பிணக்கு எழுந்தது. இரவோடிரவாகச் சுவரொட்டிகள் தோன்றின. காலையில் ஆயிரக்கணக்கான கூட்டம் கத்தியும் தடியும் நெருப்புமாக வந்து சூழ்ந்தது. ஆயுதம் தாங்கிய பொலிஸார் ஏறத்தாழ அறுபது பேர் அவ்விடத்தில் நின்றனர். இருபத்தேழு பேர் வெட்டியும் அடித்தும் எரித்தும் கொல்லப்பட்டனர்.

துப்பறியும் நாவலில் கொலை பூட்டிய அறைக்குள் நடக்கும். சாட்சி இராது. கொலைகாரன் யாரென்று கண்டுபிடிக்க முன்னூறு பக்கம் வேண்டும். பிந்துனுவெவவில் கொலை பட்டப்பகலில், திறந்த வெளியில், பொலிஸாரின் கண்முன் நடந்தது. சாட்சிகளுக்குக் குறைவில்லை. ஆணைக்குழு அமைந்தது. நாற்பத்தொருவர் மீது குற்றப்பத்திரம் தாக்கலானது. மூன்று நீதிபதிகள் அமர்ந்த விசேட மன்றம் 2003ஆம் ஆண்டு ஜூலை முதலாம் நாள் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது; அவர்களுள் இருவர் பொலிஸ் அதிகாரிகள். 2005ஆம் ஆண்டு மே மாதத்துக்குள் அந்த ஐவரும் உயர் நீதிமன்றத்தால் விடுதலையாயினர். இருபத்தேழு பிணங்கள், ஒரு குற்றவாளியும் இல்லை.

நிரபராதி எவனாவது அந்த ஐவருள் இருந்திருந்தால் அவனைத் தூக்கிலிடாது விட்டது நன்றே. அதில் நமக்கு வழக்கில்லை. தமிழனுக்கு நீதி கேட்பவன் சிங்கள ஏழையை அநியாயமாகத் தண்டிக்கச் சொல்லமாட்டான். கேள்வி வேறு. கூட்டத்தைத் திரட்டியவன் யார்? இரவில் சுவரொட்டி ஒட்டியவன் யார்? அறுபது துப்பாக்கிகள் அக்கூட்டத்தின் முன் ஏன் வாய் திறக்கவில்லை? இக்கேள்விகளை விசாரணை இறுகப் பிடிக்கவில்லை என்பதை மனித உரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டின. விசாரிக்க வேண்டியவர் பொலிஸார். விசாரிக்கப்பட வேண்டியவரும் பொலிஸார். துப்பறிவாளனின் குறை என்று இதைவிடப் பெரிதாக எந்த நாவலாசிரியன் கற்பனை செய்வான்?

ஏன் நம்மவர் இதை எழுதவில்லை? மலையக எழுத்து தொடக்கத்திலிருந்தே துயரத்தின் எழுத்தாக, போராட்டத்தின் எழுத்தாக வளர்ந்தது. 1948ஆம் ஆண்டில் குடியுரிமை பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஆட்கள் தலைக்கணக்கில் பங்கிடப்பட்டனர். வீடு எரியும்போது புதிர்க்கதை சொல்லிக்கொண்டிருக்க எவருக்கு மனம் வரும்? துப்பறியும் கதை பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய முற்போக்கு விமர்சகர்களையும் இங்கு நினைக்கலாம். நல்ல நோக்கந்தான், இழப்பு நமக்கு.

நெருங்கி வந்தவர் ஒருவர் உண்டு. 1934ஆம் ஆண்டில் ஹாலிஎலவை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்து, தாம் ஆசிரியராக இருந்த பதுளைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னிட்டு, 2022ஆம் ஆண்டில் மறைந்த தெளிவத்தை ஜோசப். அவர் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட குடை நிழல், சந்தேகத்தின் பேரில் பொலிஸார் பிடித்துச் செல்லும் ஒரு தமிழனின் கதை. வெண்கொற்றக் குடை நிழலிலே குடிகள் இளைப்பாறுவர் என்பது பழந்தமிழ் மரபு. அந்த நிழலில் நிற்பவன் படும் பாட்டைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. குற்ற நாவலைத் தலைகீழாகப் பிடித்தது போன்ற நூல் அது. குற்றம் இன்னதென்று தெரியவில்லை. சந்தேக நபர் மட்டும் இருக்கிறான். கதை அவன் பக்கத்திலிருந்து நிகழ்கிறது. பிடிபட்டவன் பக்கத்தை அவர் எழுதிவிட்டார். பிடிப்பவன் பக்கம் எஞ்சியிருக்கிறது, அதுதான் எழுதக் கடினமானது.

பொலிஸ்காரனின் உள்ளத்துக்குள் புகுந்து எழுதினால் அவனுக்கு நியாயம் கற்பித்ததாகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். ஆகாது. அவன் இன்னது செய்தான் என்று வெளியிலிருந்து ஏசினால் அவனும் கேட்கான், நாமும் புதிதாக ஒன்றும் அறியோம். அவன் எந்த இடத்தில் கேள்வியை நிறுத்தினான், ஏன் நிறுத்தினான் என்பதை உள்ளிருந்து காட்டினால்தான் குறை விளங்கும். அதனாற்றான் அத்துப்பறிவாளன் தமிழனாக இருத்தல் நலம் என்கிறோம். சிங்கள அதிகாரி ஒருவனைப் படைத்து எல்லாப் பழியையும் அவன் தலையில் ஏற்றுவது மிக எளிது. அதைப் படிக்கும் நமக்கும் இனிக்கும். இனிப்பதனாலேயே ஐயுற வேண்டும்.

இப்படி எண்ணிப் பாருங்கள். லயத்திற் பிறந்து, பதுளையில் படித்து, உப பொலிஸ் பரிசோதகனாக உயர்ந்தவன் ஒருவன். சிங்களத்தைப் பிழையின்றிப் பேசுவான். தான் எங்கே பிறந்தான் என்பதை நிலையத்தில் பேசான். நமுனுகுல மலையடியில் ஒரு தோட்டம். அங்கே ஒரு பெண்ணைக் காணவில்லை. பங்களாவில் அவனுக்கு நாற்காலி கொடுத்து உட்காரச் சொல்கிறார்கள். அவன் தகப்பன் அந்த வாசலில் செருப்பைக் கழற்றி நின்றவன், இவனுக்கு நாற்காலி! அந்தப் பெருமிதத்தில் செக்ரோலைப் பார்க்கிறான். காணாமற் போனதாகச் சொல்லும் நாளில் அவளுக்கு முழுப்பேர் விழுந்திருக்கிறது. பதினெட்டுக் கிலோ கொழுந்தும் நிறுத்திருக்கிறாள். ஆகவே அன்று மாலை வரை மலையில் இருந்தாள் என்று அறிக்கை எழுதிக் கையொப்பமிடுகிறான். கீழே லயத்தில் ஒரு கிழவி, அன்று காலை அவள் பிரட்டுக்கே வரவில்லை என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய மொழி அவனுக்குத் தாய்மொழி. அவள் அவனைத் "தொரே" என்று விளிக்கிறாள். அவன் விடை சொல்லாமல் வண்டியில் ஏறிவிடுகிறான்.

வராதவளுக்குப் பேர் போட்டவன் யார், பதினெட்டுக் கிலோ யாருடைய கூடையிலிருந்து வந்தது என்பது மீதிக் கதை. அதை அவிழ்க்கும் அறிவு அவனுக்கு உண்டு. முதல் அத்தியாயத்திலேயே ஐயமும் உண்டு. ஆனால் உண்மையை நோக்கி வைக்கும் ஒவ்வோர் அடியிலும் தன் கையொப்பமிட்ட அறிக்கையைத் தானே பொய்யென்று நிறுவ வேண்டும். தான் யார் மகன் என்பதையும் திறந்த மன்றத்திற் சொல்ல நேரும். அவன் சொல்வானா மாட்டானா என்பதை எழுதுபவர் தீர்த்துக்கொள்ளட்டும். எழுத அமர்கையில் இன்னொன்றையும் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். இரவில், நிலையத்தில் தனித்திருந்து, கிழவி சொன்னதைக் குறிப்பேட்டில் எழுத முற்படும்போது அவன் அதை எந்த மொழியில் எழுதுவான்?